பிடியரிசிக்கு ஊர் எது?

எங்கள் சபைப் பெண்கள் உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியைத் தனிப் பானையில் எடுத்து வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்கு வரும். சிவப்பரிசி, வெள்ளையரிசி, ரேஷன் எல்லாம் ஒரே சாக்கில் விழும். வழக்கமாக ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். இலங்கையில் வெள்ளம் வந்தபோது, ஏலம் வேண்டாம், நிவாரணக் கப்பலில் அப்படியே அனுப்பலாம் என்று முடிவானது.

என் அம்மாவின் தங்கை அங்கே மலைத்தோட்டத்தில் ஒரு போதகருக்கு வாழ்க்கைப்பட்டவள். மண் சரிந்து வீடிழந்த குடும்பங்கள் அவர்கள் ஆலயத்தில்தான் தங்கியிருந்தன. சமையல் சித்தியின் பொறுப்பு. ஒரு வேளைக் கஞ்சிதான். பிள்ளைகள் பசியில் அழுவது போனிலேயே கேட்கும்.

சாக்குகள் கப்பலில் ஏறிய பிறகு துறைமுகத்தில் மலையாளி அதிகாரி ஒருவர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். "இது எவிடத்தெ அரியா?" என்றார். எந்த ஊர், எந்த ரகம், எந்த மில் என்று சொன்னால்தான் பூச்சி இல்லை என்று சான்றிதழ் கிடைக்குமாம்.

"எல்லா வீட்டு அரிசியும் உண்டு சார். பிடியரிசியாக்கும்," என்றேன்.

அவருக்கும் பிடியரிசி தெரியும். ஆனால் கம்ப்யூட்டரில் அந்தப் பெயர் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருப்பேன்.

எங்கள் சாக்குகளால் மற்றவர்களின் மருந்தும் துணியும்கூடப் புறப்பட முடியாத கப்பலோடு கிடந்தன. இறக்கிவிடுங்கள் சார் என்று கெஞ்சினோம். இறக்குவதற்கும் அனுமதி வேண்டுமாம். திருவனந்தபுரத்தில் கேட்டால் கொச்சி என்றார்கள். கொச்சியில், இதை அங்கேயே முடித்திருக்கலாமே என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சபைக்காரன் நான் சொல்லக்கூடாது. போதகரிடமே சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

சித்தி தினமும் கூப்பிடுவாள். "எலே மக்கா, கப்பல் விட்டாச்சா?"

"நாளைக்கு விடும் சித்தி."

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒருநாள் அம்மாவால் தாங்க முடியவில்லை. என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "விட்டாச்சு பிள்ளே, வந்துகிட்டு இருக்கு," என்றாள். தங்கையைத் தேற்றத்தான் சொன்னாள்.

சித்தி அழுதுவிட்டாள். "ஸ்தோத்திரம் அக்கா! பாத்துப் பாத்துப் பிடிச்சு வச்ச அரிசி கொஞ்சம் உண்டு. இன்னைக்கு அத மொத்தமா உலையில போடுறேன். பிள்ளைக வயிறு நெறைய சோறு தின்னட்டு."

அம்மா வாயைத் திறப்பதற்குள் போன் நின்றுவிட்டது. நானும் அவளும் மாறி மாறி அழைத்துக்கொண்டே இருந்தோம். மலையில் சிக்னல் இல்லை.