புளியில் மினுக்கிய ரவைக்கோதுகள்

அன்றைக்குக் கிளப் சமையலறையில், அந்தக் குசினிக்குள், இருந்தது ஐந்து பேர். கிளப் செகரட்டரி பீட்டர். கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்த கொலின். தேத்தண்ணிக் கவுண்டர் பார்க்கிற மார்கரட். என்னோடு துப்புரவு வேலை செய்த புஸ்பம். பிறகு நான், கையில் புளி மணத்தோடு.

மேசையில் ஒரு பித்தளைக் கோது. சுட்டு முடிந்த துவக்கு ரவையின் வெறுங்கோதுதான்... பக்கவாட்டில் நகம் நுழைகிற அளவுக்குக் கிழிந்திருந்தது.

வால்தம்ஸ்டோவைத் தாண்டி, காட்டோரமாக ஒரு ரைபிள் கிளப். ஈஸ்ட் ஹாமிலிருந்து இரண்டு பஸ். ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். எனக்கு அதுதான் பெரிய விசயம். மூன்று மணிக்கு மகளின் பள்ளிக்கூட வாசலில் நிற்கலாம்.

அந்த ஆட்கள் சுட்ட கோதை எறிய மாட்டார்கள். மினுக்கி, திரும்ப மருந்து நிரப்பிச் சுடுவார்கள். மினுக்குகிற மெஷின் ஒருநாள் நின்றுபோனது. அதற்கு முதல் கிழமைதான் அவர்களுடைய பித்தளைக் கோப்பைகளை நான் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். அதைப் பார்த்த பீட்டர், ஒரு வாளி கோதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

ஊரில் சண்டை நேரம் தெரு ஒழுங்கைகளில் இந்தக் கோதுகள் கிடக்கும். பொறுக்கின பிள்ளைகளுக்கு நான் அடித்திருக்கிறேன். இங்கே வந்து அதையே சுடுதண்ணியில் குளிப்பாட்டினேன்... என்ன செய்வது.

ஆனால் வேலையைச் சரியாகச் செய்தேன். புளித்தண்ணியில் பத்து நிமிசம், அதற்கு மேல் இல்லை. கூட ஊறினால் பித்தளை சிவந்து சத்துப் போய்விடும். குத்துவிளக்கில் கண்டது அது. பிறகு சோப்புத் தண்ணி, பச்சைத் தண்ணி. பழைய சேலையை ஹீட்டருக்குப் பக்கத்தில் விரித்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக் காயவிடுவேன்.

முதல் நாளே பீட்டர் ஒன்று சொன்னார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, இங்கிலிஷ் ஓடாது. புஸ்பம்தான் எனக்குத் தமிழில் சொன்னாள்:

"அக்கா, கடைப் பொலிஷ் மட்டும் போடக் கூடாதாம். அதில அமோனியா கிடக்காம். பித்தளை பழுதாகி, சுடேக்க வெடிச்சு முகத்தில அடிக்குமாம்."

அவள் வாயால் சொன்னது. அதை மறக்க வேண்டாம்.

பங்குனியில் மகளுக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்து ஒரு கிழமை வீட்டில் நின்றேன். திரும்பிப் போனால் ஒரு வாளி கோது கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. குசினியில் மூக்கைப் பிடுங்குகிற மணம். சிங்கிற்குக் கீழே பொலிஷ் டின், வெறுமையாக.

புஸ்பத்தைக் கேட்டேன். டூட்டிங்கில் தங்கச்சி மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடாம், நேரத்துக்குப் போக வேண்டுமாம்.

"மினுங்கினாச் சரிதானே அக்கா. உங்கட புளியைக் கரைச்சுக்கொண்டு நிக்க ஏலுமே எனக்கு?"

வாளியைத் தூக்கி ஒளித்துவைக்கப் போனேன். தானே பீட்டரிடம் சொல்லி எறிவிப்பதாக என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள். எனக்கோ சொல்லப் பாஷை இல்லை. நம்பினேன். அது என் பிழை, மறுக்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து கொலின் சுட்டபோது அந்த வாளிக் கோது ஒன்று கிழிந்தது. சூட்டுக் காற்று கண்ணுக்கு ஒரு விரல் கீழே அடித்தது.

அதன்பிறகுதான் எங்களைக் குசினிக்குக் கூப்பிட்டார்கள். பீட்டர் சத்தம் போடவில்லை. கோதைக் காட்டி, என்ன போட்டாய் என்று கேட்டார். நான் புஸ்பத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"நான் போடுறது புளி. இந்த வாளி நீ செய்தது. உள்ளதைச் சொல்லு பிள்ளை. ரெண்டு பேருமாச் சேர்ந்து மன்னிப்புக் கேப்பம்."

அவள் பீட்டர் பக்கம் திரும்பி நீளமாகப் பேசினாள். அந்த முழுப் பேச்சில் எனக்கு விளங்கியது மூன்று சொல். என் பெயர். டமரின்ட், கடைப் புளிப் பைக்கற்றில் பார்த்த சொல். பிறகு, சொறி என்கிற மன்னிப்புச் சொல்.

மார்கரட் கையுறை போட்டுக்கொண்டு என் புளிப் போத்தலைக் குப்பையில் போட்டாள். பீட்டர் கையை நீட்டினார். கிளப் சாவியைக் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாப்பில் புஸ்பம் பின்னால் ஓடிவந்தாள். "என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை அக்கா. உங்களுக்கு விசா கிடைச்சிட்டுதுதானே..." என்றாள். அந்தக் காரணத்தை இன்றைக்கும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். போதவில்லை.

பிறகு கிடைத்தது பின்னேர வேலைதான். மகள் ஒன்பது வயதில் கழுத்தில் வீட்டுச் சாவியைக் கட்டிக்கொண்டு, தனியே வந்து கதவைத் திறந்தாள். இப்போது அவளுக்கே பிள்ளைகள். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

லைப்ரரி வகுப்பில் கொஞ்சம் இங்கிலிஷ் படித்தேன். ஒருநாள் ஹை ஸ்ட்ரீட்டில் கொலினைக் கண்டேன், கன்னத்தில் அந்தத் தழும்பு. "நொட் டமரின்ட்" என்றேன். மனுசன் என்னை அடையாளம் காணாமல் குட் மோர்னிங் சொல்லிவிட்டுப் போனார். கிளப் இருந்த இடத்தில் இப்போது பிளாட்.

நேற்று, நான் இதை எழுதுகிற இதே குழுவில் ஒரு வீடியோ. ஈஸ்ட் ஹாமில் சேலைக்கடை வைத்திருக்கிற ஒரு அம்மா, குத்துவிளக்கைப் புளியால் மினுக்குவது எப்படி என்று காட்டுகிறார். எனக்குத் தெரிந்த குரல். பத்து நிமிசத்துக்கு மேல் ஊறவிடக் கூடாதாம். கடைப் பொலிஷ் தொடவே கூடாதாம்... உங்களில் எத்தனையோ பேர் அதற்கு இதயம் போட்டிருக்கிறீர்கள். அறியாமல் போட்டது, உங்களில் எனக்குக் கோபமில்லை.

பீட்டரிலும் இல்லை, அவர் காதில் விழுந்ததைத்தான் அவர் நம்பினார். மார்கரட் போகட்டும். கொலினுக்கு நோவு மட்டும்தான் மிச்சம்.

மன்னிக்காமல் வைத்திருப்பது ஒரேயொரு பெயரை. இணுவில் சின்னத்தம்பியின் மகள், புஸ்பம்.