திங்கட்கிழமையே கிளம்பிவிட்ட பை

விழுப்புரத்தை அடுத்த கெடாரில், விமான நிறுவனங்கள் எப்படி நடக்கின்றன என்பதை அடி முதல் நுனி வரை அறிந்தவர் கலைமதி ஒருவரே. இந்த அறிவால் ஊருக்கு ஒரு பயனும் இல்லை. கலைமதிக்கும் இல்லை. ஆனாலும் அறிந்திருந்தார்.

அப்பா இல்லை. அம்மா அம்சா மல்லாட்டைக் கொல்லைகளில் நிலக்கடலை பிடுங்கும் வேலைக்குப் போகிறவர். பிளஸ் டூ முடித்த மகளைத் திண்டிவனம் பக்கத்துத் தனியார் கல்லூரி ஒன்றில் கொண்டுபோய் விட்டார். விமான நிறுவன மேலாண்மை. மூன்று வருஷப் பட்டம், அதற்கு மேல் இரண்டு வருஷப் பட்டம். கல்லூரியில் விமானம் உண்டா என்று கேட்டால், உண்டு. சக்கரம் கழற்றிய பழைய டவுன் பஸ் ஒன்றைச் செங்கல் மேல் ஏற்றி, வெள்ளையடித்து, பின்னால் தகரத்தில் வால் வைத்திருந்தார்கள். செய்முறை வகுப்பெல்லாம் அதற்குள்தான். மழைக்காலத்தில் விமானம் ஒழுகும்.

படித்து முடித்தவர்கள் பல திசைகளிலும் பறந்தார்கள். ஒருவர் செல்போன் கடைக்கு. ஒருவர் துணிக்கடைக்கு. ஒருவர் விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டிகளுக்குக் கை காட்டுகிறார். துறை மாறவில்லை, உயரம்தான் குறைந்தது. கலைமதிக்கு மட்டும் படிப்புக்கேற்ற வேலை கிடைத்தது: அதே கல்லூரியில், அதே படிப்பை, அதே பஸ்ஸில் நடத்துகிற வேலை. அந்தப் படிப்பு உலகத்தில் உண்டாக்கியிருந்த ஒரே வேலையும் அதுதான்.

பாடம் நடத்துவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. விமானம் எப்போது புறப்பட்டதாகக் கணக்கு என்று அவர் விளக்கினால் கடைசி பெஞ்சும் கேட்கும். நிற்கிற இடத்தைவிட்டுச் சக்கரம் அசைந்த நேரமே புறப்பட்ட நேரம். மேலே ஏறியது எப்போது என்பது வேறு சங்கதி. அசைந்துவிட்டு ஓடுபாதை ஓரத்தில் எவ்வளவு நாழி சும்மா நின்றாலும், ஏட்டில் அது சொன்ன நேரத்துக்குப் புறப்பட்ட விமானம். இதையெல்லாம் நடத்தியவர் விமானம் ஏறியதில்லை. அது அந்தத் துறையில் ஒரு குறையாகக் கருதப்படவில்லை. துறைத் தலைவர் சீனுவாசன் ஒருமுறை கொழும்பு வரை போய்வந்தவர். அதனால்தான் அவர் தலைவர்.

இப்படி இருக்கையில் ஹைதராபாத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. ஒரு விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறை. எந்த விமானம் எங்கே நிற்கிறது, எது தாமதம், எதை எங்கே திருப்புவது என்று இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் வேலை. வியாழக்கிழமை காலை அசல் சான்றிதழ்களுடன் நேரில் வர வேண்டும். போவதற்கு அவர்களே சென்னையிலிருந்து புதன்கிழமை சாயங்கால விமானத்தில் டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தார்கள். வயது வரம்பு இருபத்தெட்டு. கலைமதிக்கு ஆடி வந்தால் இருபத்தெட்டு முடிகிறது. அதற்குப் பிறகு அந்தக் கதவு கிடையாது. பஸ்ஸின் கதவு மட்டும்தான்.

அம்சா காலண்டரைப் பார்த்தார்.

"புதன்கெழம வடக்க சூலம். மெட்ராசு வடக்க. போவக்கூடாது."

"அம்மா, ஏரோப்ளேனுக்கு சூலமெல்லாம் இல்லமா."

"ஏரோப்ளேனுக்கு இல்ல. உனுக்கு இருக்குது. செவ்வாக்கெழமயும் வடக்க சூலம்தான். திங்கக்கெழம ராகு காலம் முடிஞ்சதும் கெளம்பு."

"திங்கக்கெழம கெளம்பிப் போயி மூணு நாளு எங்க நிக்கிறது?"

"நீ எதுக்கு நிக்கிற? பைய வெளிய எடுத்து வெச்சிட்டா கெளம்பினதாத்தான் கணக்கு. அப்பறமா ஆளு எப்ப வேணா போவலாம்."

பன்னாட்டு விமானத் துறை பல வருஷம் யோசித்துக் கண்டுபிடித்த கணக்கை, அம்சா சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டே சொல்லிவிட்டார். இதற்கு எதிராக வாதாட, கலைமதி படித்த ஐந்து வருஷப் படிப்பில் ஒரு பக்கமும் இல்லை.

ஆக, திங்கட்கிழமை காலை பை புறப்பட்டது. சான்றிதழ்கள், நல்ல சுடிதார், புதுச் செருப்பு எல்லாம் அதற்குள். எதிர்வீட்டு லாரி டிரைவர் சவுரிராயன் வீட்டு முன்னறையில் இறங்கியது. சவுரிராயன் அப்போது ஊரில் இல்லை. அவர் மனைவி ரோஜா வாங்கி வைத்தார்.

"எங்களுக்கு சூலமெல்லாம் இல்ல அண்ணி. ஆனா பைக்கு எடமிருக்குது, வைங்க" என்றார்.

புறப்பட்டவர் திரும்பி வீட்டுக்குள் இருப்பது தெருவுக்குத் தெரிந்தால் புறப்பட்டதற்கு என்ன மரியாதை? அதனால் இரண்டு நாளும் கலைமதி வாசலில் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. யார் கேட்டாலும், "பொண்ணு திங்கக்கெழமயே கெளம்பிடுச்சி" என்று அம்சா பதில் சொன்னார். பொய் இல்லை. ஏட்டுப்படி அது உண்மைதான்.

புதன்கிழமை விடிந்தது. போகிற வழியில் பையை எடுத்துக்கொள்ளலாம் என்று தெருவைக் கடந்தால், ரோஜா கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்.

"நேத்து ராத்திரி நான் தூங்கினப்பறம்தான் வந்தாரு. விடியறதுக்குள்ள லோடு ஏத்திக்கினு பூட்டாரு. பையக் காணம் கலை."

போன் போட்டார்கள். லாரிச் சத்தத்துக்கு மேல் சவுரிராயன் கத்தினார்.

"யாரு, கலையா? பையக் குடுத்துட்டம்மா! கவலப்படாத!"

"யாருகிட்ட குடுத்தீங்க சித்தப்பா?"

"உன் காலேஜில! நீ திங்கக்கெழமயே பூட்டன்னு முக்குக் கடையில சொன்னாங்க. ஊட்ல வந்து பாத்தா உன் பை! பாவம் புள்ள, பைய மறந்துட்டு வெறுங்கையோட காலேஜிக்குப் போயிருக்குதே, அந்த வழியாத்தானே போறோம்னு திண்டிவனத்துல வாட்ச்மேன் கையில குடுத்தேன். எங்க கீற இப்ப?"

"ஊட்லதான் சித்தப்பா."

"அடக் கர்த்தரே" என்றார் சவுரிராயன்.

ஒன்றும் முழுகிப்போய்விடவில்லை. திண்டிவனம் சென்னை போகிற வழிதான். நேரமும் இருந்தது; தாமதம் வரும் என்று முன்கூட்டியே நேரம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது நான்காம் பருவத்துப் பாடம். கலைமதி விழுப்புரம் போய், பஸ் மாறி, திண்டிவனத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கல்லூரி வாசலுக்கு வந்தார்.

வாசலில் அவரே நின்றார், பனைமர உயரத்தில். 'வானம் எங்கள் வகுப்பறை! எங்கள் பேராசிரியை பறந்தார்; அடுத்தது நீங்கள்! சேர்க்கை நடைபெறுகிறது.' சீனுவாசன் செவ்வாய்க்கிழமையே ஃபிளெக்ஸ் கட்டிவிட்டார். கட்டுப்பாட்டு அறைக்கு ஆள் தேர்வாகிற வரையெல்லாம் அவர் காத்திருக்கவில்லை.

உள்ளே அன்று செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். கேள்வி: ஆளில்லாமல் கிடக்கும் பையை எப்படிக் கையாள்வது? அதற்குப் பை வேண்டுமே என்று சீனுவாசன் தேடியபோதுதான் வாட்ச்மேன் ஒரு பையோடு வந்தார். ஆண்டவனே அனுப்பியதாக சீனுவாசன் எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸுக்கு முன்னால் பை தனியாக உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் மூன்றாமாண்டு மாணவன் வல்லரசு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு.

"வல்லரசு, அது என் பை. எடுத்துக் குடு."

"மேடம், கிட்ட வராதீங்க, ப்ளீஸ். அதிகாரி வந்து சோதிக்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க."

"டேய், நெஜமாவே என் பைடா!"

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க, நம்பக்கூடாதுன்னும் நீங்கதான் மேடம் சொன்னீங்க."

தேர்வாளர் மனம் குளிர்ந்துவிட்டார். "பிரமாதம்! பயணி வேஷத்துக்கு ஆள்கூட ஏற்பாடு பண்ணியிருக்கீங்களே" என்று சீனுவாசனிடம் சொன்னார். சீனுவாசன் கலைமதியை ஓரமாக அழைத்துப்போனார்.

"ஒன்னும் பேசாதம்மா. மனுஷன் நல்ல மூடுல இருக்காரு. கெடுத்தா அத்தன பசங்களுக்கும் மார்க்கு போயிடும். இது முடியட்டும், காலேஜ் வேன்லயே ஏர்போர்ட்டுல வுடச் சொல்றேன்."

கயிற்றைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் பை. கலைமதி வல்லரசுவைப் பார்த்தார். அவன் வாழ்க்கையில் முதல்முறையாகப் பாடத்தைச் சரியாகச் செய்துகொண்டிருந்தான். தாண்டினால் அவனுக்கு மார்க்கு இல்லை. அவர் தாண்டவில்லை. வெயிலில் நின்று, தன் பையைத் தன் மாணவர்கள் தன்னிடமிருந்து காப்பாற்றுவதை வேடிக்கை பார்த்தார்.

தேர்வு முடிந்தது. வேன் வரவில்லை. தேர்வாளருக்குப் பிரியாணி வாங்கப் போயிருந்தது.

வேன் வந்து, புறப்பட்டு, செங்கல்பட்டைத் தாண்டி, பெருங்களத்தூர் நெரிசலில் நின்று நின்று விமான நிலையத்தை அடைந்தபோது கவுண்டர் மூடியிருந்தது. கலைமதி கெஞ்சவில்லை. மூடிய கவுண்டரை எதற்காகத் திறக்கக் கூடாது என்பதும் அவர் நடத்திய பாடம்தான். ஹைதராபாத்துக்குப் போன் செய்தார். நேரத்துக்கு விமானம் ஏறத் தெரியாதவரைக் கட்டுப்பாட்டு அறையில் வைத்துக்கொள்வது கஷ்டம் என்பதை போனை எடுத்த பெண் ரொம்ப மரியாதையாகச் சொன்னார். வேறு தேதி இல்லை.

வெளியே வந்து போனில் பார்த்தார். விமானம் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டிருந்தது. ஓடுபாதையில் கூட்டம், அதனால் இன்னும் தரையில்தான் நின்றது. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், ஏட்டில் போய்விட்ட விமானம். இந்தப் பக்கம், ஏட்டில் திங்கட்கிழமையே போய்விட்ட கலைமதி. அது கடைசியில் எழும்பிப் போகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விழுப்புரம் பஸ் எங்கே நிற்கும் என்று வாட்ச்மேன் ஒருவரை விசாரித்தார்.

மறுநாள் சீனுவாசன் போனிலேயே விஷயத்தை முடித்தார்.

"வேலைக்கு தாராளமா வாம்மா, நம்ம காலேஜு. ஆனா ஃபிளெக்ஸ் இருக்குது பாரு. அட்மிஷன் முடியிற வரைக்கும் பின் கேட்டு வழியா வந்து போ. பேரண்ட்ஸ் கண்ணுல பட்டுடாத."

இப்போது கலைமதி கேன்டீன் பாத்திரம் கழுவும் இடத்தைத் தாண்டி, பின்வாசல் வழியாகத்தான் வகுப்புக்கு வருகிறார். ஆடி பிறந்து முடிந்துவிட்டது. இந்த வருஷம் சேர்க்கை அமோகம். ஃபிளெக்ஸைப் பார்த்துச் சேர்ந்த பெண் பிள்ளைகள் மட்டும் ஒரு பஸ் கொள்ளும்.

பை திரும்பவும் சவுரிராயன் வீட்டில்தான் இருக்கிறது. போகாமல் திரும்பிய பையை நாள் பார்க்காமல் உள்ளே சேர்க்கக் கூடாது என்கிறார் அம்சா. நாள் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

அன்றைக்கு முதலாமாண்டுக்குப் புறப்பாட்டு நேரம் பாடம். முன்வரிசையில் புதுப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"மேடம், புறப்பட்டுச்சின்னு எழுதினப்பறம் ப்ளேனு போவலன்னா?"

"எடத்துக்கே திருப்பிக் கொண்டாந்து வுட்டுடுவாங்க."

"அப்ப எழுதினத அடிச்சிடுவாங்களா மேடம்?"

பஸ்ஸின் கூரையிலிருந்து ஒரு சொட்டு மேசையில் விழுந்தது. கலைமதி அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"அடிக்கமாட்டாங்க" என்றார். "எழுதிக்கோ."