பட்ட மரங்களில் வெள்ளைத் துணி

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் உயிருள்ள பக்கம் சேறு சும்மா இருக்காது. நண்டும் இறாலும் அடியில் சொடக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். ஆற்றில் நல்ல தண்ணீர் வரத்துக் குறைந்து, உப்பு ஏறி, மரங்கள் பட்டுப்போன பக்கம் ஒரு சத்தமும் கிடையாது. எல்லாம் நின்றபடியே செத்தவை. அங்கே போனால் பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருக்கும். ஆராய்ச்சிக்காரிக்குப் பயமா என்று கேட்காதீர்கள், இருந்தது.

சாவு எந்தப் பக்கம் பரவுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அன்று வாய்க்காலில் தண்ணீர் வற்றியிருந்ததால், என்னை ஏற்றி வந்த படகுக்காரர் படகோடு தள்ளி நின்றுவிட்டார். நான் மட்டும் சேற்றில் இறங்கி, பழைய வேட்டியைக் கிழித்துப் பட்ட மரங்களில் அடையாளம் கட்டினேன். மன்னார்குடிப் பக்கத்து வயல்காட்டில் வளர்ந்தவள் நான். நாற்றங்காலில் குருவி விரட்ட வெள்ளைத் துணிதான் கட்டுவோம். எனக்கு வேறென்ன தோன்றும்?

அடுத்த முறை போனபோது அந்த வாய்க்காலில் ஒரு வலைகூட இல்லை. துணிகளைக் கிட்டத்தில் பார்த்ததும் படகுக்காரர் கழி ஊன்றுவதை நிறுத்திவிட்டார்.

"இதெல்லாம் நீங்க கட்டுனதாம்மா? அடப்பாவமே! பொணம் ஒதுங்குன எடத்துலதான் நாங்க வெள்ளத்துணி கட்டுவோம். அங்க வல வீசமாட்டோம். இத்தன பொணமான்னு ஊரே அரண்டு கெடக்கு."

"மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாண்ணே?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கையை நீட்டிக் காட்டினார். பட்ட மரங்களுக்கு நடுவே, முழங்கால் சேற்றில் ஒரு பெண் நின்றிருந்தாள்.

புயலில் அவள் புருஷன் போய்விட்டான், உடல் கிடைக்கவில்லை என்று படகுக்காரர் தணிந்த குரலில் சொன்னார். கண்ணால் பார்க்காமல் தாலியைக் கழற்றமாட்டேன் என்று இருக்கிறாளாம். ஒவ்வொரு மரமாகத் துணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே எங்களிடம் வந்தாள்.

"இதுல எதுங்க எங்க வீட்டுக்காரரு?"

யாரும் இல்லை, பட்ட மரங்களைத் தெரிந்துகொள்ள நான் கட்டியது என்றேன். அப்போதே அவிழ்க்கத் தொடங்கினேன். கடைசி மரத்தின் துணியை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இத மட்டும் விட்டுடுங்க."

விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் வாய்க்காலில் மறுபடி வலைகள் தெரிந்தன. அந்த மரத்துப் பக்கம் மட்டும் ஒன்றுமில்லை. துணிக்குக் கீழே, மஞ்சள் கயிற்றில் அவள் தாலி தொங்கியது.