பத்தாவது குவியல்

பூங்கிழங்கு இருக்கும் இடத்தில் மட்டுமே மூடாக்குப் போட வேண்டும், வெறும் மண்ணில் போடுவது விரயம். வேளாண் துறையில் இருந்தபோது இந்த விதியைக் கையேட்டில் எழுதியவன் நான்தான்.

கொச்சி மட்டாஞ்சேரியில் என் வீட்டுத் தோட்டத்துக்கு மூடாக்குப் போட வந்தவர் அந்தக் கையேட்டைப் படித்தவரில்லை. யூதர் தெருவான ஜூ டவுனின் மசாலாக் கிடங்குகளில் பெருக்கிய ஏலக்காய்த் தோலைச் சாக்கில் சுமந்து வந்தார். ஒடிசலான உடம்பு, இமைமுடியே இல்லாத கண்கள். ஒவ்வோர் இடத்திலும் வெறுங்காலோடு நின்று கண்ணை மூடிக்கொள்வார். பிறகுதான் தோலைக் கொட்டுவார்.

இறந்துபோன என் மனைவி நட்ட பந்து லில்லிகள் மழையில்லா மாதங்களில் மண்ணுக்கடியில் உறங்கி, மே மாதம் சிவப்புப் பந்தாய்ப் பூக்கும். அவள் போன பிறகு நானே வரைந்த வரைபடத்தின்படி மொத்தம் ஒன்பது. அவர் கிணற்றோரம் பத்தாவதாக ஒரு குவியல் போட்டார்.

"அங்க ஒண்ணும் கிடையாது."

"உண்டு சாரே. காலுல சூடு தட்டுது."

"கிழங்குக்கு ஏதுய்யா சூடு? வரைபடத்துல ஒன்பதுதான்."

"சார் பேப்பர நோக்குங்க. நான் மண்ண நோக்கிக்கறேன்."

அந்தக் குவியலைக் கிளறிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவரும் பிறகு வரவில்லை. தாய் இறந்ததிலிருந்து என்னோடு பேசாத மகளுக்கு, அம்மா கிணற்றோரம் ஏதாவது நட்டாளா என்று எழுதினேன். முறைப்படி நினைவூட்டலும் அனுப்பினேன்.

"நட்டாங்க அப்பா. அவங்க போன அன்னைக்கே அதைத் தோண்டி என்னோட எடுத்துட்டு வந்துட்டேன். இப்ப அங்க வெறும் குழிதான் இருக்கும்."

இந்தப் பதில் வந்தது, கிணற்றோரக் குவியலைப் பிளந்துகொண்டு சிவப்புப் பந்து ஒன்று விரிந்த மே முதல் தேதி.