நடு ஏரியில் ஒரு நிமிடம்

இந்த ஊர்த் தொலைக்காட்சியில் மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும். பிஸ்கட் விளம்பரம் முடியும், மணி அடிக்கும், பிறகு செய்தி. அயர்லாந்துக்கு வந்த முதல் வாரம், சத்தம் தெருவிலிருந்து வருகிறதென்று ஜன்னலைத் திறந்து பார்த்தேன். மும்மூன்றாக விட்டு விட்டு அடித்தபோதுதான் அது காலை, நண்பகல், மாலை என்று சொல்லும் மூவேளை செபத்துக்கான மணி என்று புரிந்தது. ஏற்காட்டில் எங்கள் மாதா கோயிலில் அடிக்கும் அதே கணக்கு.

அப்பா ஏற்காடு ஏரியில் துடுப்புப் படகு ஓட்டினார். பகல் பன்னிரண்டுக்கு மணி கேட்டால், படகு எங்கே இருந்தாலும் இரண்டு துடுப்பையும் தூக்கி மடியின் குறுக்கே வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். பள்ளி விடுமுறையில் நானும் படகின் முனையில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் சேலத்துக் குடும்பம் ஒன்று ஏறியிருந்தது. நடு ஏரியில் மணி அடித்தது.

"ஏனுங்க, இங்க நிறுத்திப்போட்டுத் தூங்கறீங்களா?" என்றார் அந்த மனிதர்.

"பெட்ரோல் தீந்துபோச்சாட்டம் இருக்குதுங்க!" என்று அவர் மனைவி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. "அப்பாவுக்குக் கை வலிங்க" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா செபத்தை முடித்துவிட்டுத்தான் துடுப்பைப் போட்டார். கரையில் எல்லோரும் இறங்கிய பிறகு, "எனக்குக் கை வலியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது என் மகள் ஜெனிக்கு நான்கு வயது. நான் வேலையிலிருந்து வரும்வரை பக்கத்து வீட்டு நோரா அவளைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே கார்ட்டூன் ஓடிக்கொண்டே இருக்கும். இரவு செபம் சொல்லவைப்பதற்குள் ஜெனி தூங்கிவிடுகிறாள். பாதி ஞாயிறுகளில் எனக்குப் பணி. விசுவாசம் என்று இவளுக்கு எதைத்தான் கொடுத்திருக்கிறேன் என்று பேருந்தில் உட்கார்ந்து கவலைப்படுவேன். அவளை அழைத்துவரப் போன முதல் நாளே நோராவின் டிவியில் மணி அடித்தது. என் பொட்டையும் செல்வி என்ற பெயரையும் வைத்து என்ன நினைத்தாரோ, நோரா அவசரமாக ரிமோட்டைத் தேடிச் சத்தத்தை நிறுத்தினார்.

"ஸாரி, உங்க சாமி வேற இல்லையா?"

நான் "தேங்க் யூ" என்றேன். எதற்கு நன்றி சொன்னேன்? மறுநாளும் நிறுத்தினார். ஒரு மாதம் அப்படியே போனது. அவர் மரியாதையைத் திருத்துவது மரியாதையா என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் ஜெனிக்குத் தாத்தாவின் படகுக் கதையைச் சொன்னேன், கைவலிப் பொய்யை மட்டும் விட்டுவிட்டு.

போன செவ்வாய்க்கிழமை நோராவின் கை ரிமோட்டுக்குப் போனபோது, "வேண்டாம் நோரா. நாங்களும் கத்தோலிக்கர்தான்" என்றேன்.

அவர் வாயைப் பிளந்தார். "இதைச் சொல்ல ஒரு மாசமா? நான் கோயிலுக்குப் போயே முப்பது வருஷமாச்சு. செய்திக்காகத்தான் இதப் போடறேன்." சிரித்தார். ஆனால் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

மணி அடித்தது. சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளலாமா, நோராவுக்குச் சங்கடமாக இருக்குமா என்று என் கை பாதியில் நின்றது. ஜெனி சோபாவிலிருந்து இறங்கிக் கம்பளத்தில் உட்கார்ந்தாள். இல்லாத இரண்டு துடுப்புகளைத் தூக்கி மடியில் குறுக்கே வைத்தாள்.

"அம்மா, நீயும் தூக்கு."

கைப்பையைக் கீழே போட்டுவிட்டு அவள் பின்னால் உட்கார்ந்தேன். துடுப்பைத் தூக்கிவிட்டால் படகு எந்தக் கரைக்கும் போகாது. காற்று தள்ளும் பக்கம் மெல்ல நகரும், துடுப்பு நுனியில் தண்ணீர் சொட்டும். கண்ணை மூடிக்கொண்டேன்.