ஓடுகிற புரோகிராமைக் கேட்டீங்களா?

ஆபீஸில் அவளுக்கு "சந்தேகம்" என்றே பேர். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று கணவர் சொன்னாலும் எழுந்துபோய்ப் பார்க்கிற ஆள். ஆஸ்பத்திரித் தீவிர சிகிச்சை வார்டின் கண்காணிப்பு புரோகிராம் இருவரும் சேர்ந்து எழுதியது. நோயாளியின் ஆக்சிஜனை அளந்து, குறைந்தால் மணியடிக்க அது தொடங்கும்போதே 'லைப்ரரி' என்கிற துணைக் கோப்பு ஒன்றைத் தனியாக நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும். அந்தக் கோப்பில் ஒரு பிழை: சில சமயம் எண் அப்படியே உறைந்து நிற்கும், மணியும் அடிக்காது.

"காலையிலேயே திருத்தின கோப்பைப் போட்டுட்டேன். பழசை அழிச்சாச்சு," என்றார் கணவர்.

"டிஸ்க்ல போட்டீங்க. ஓடுற புரோகிராம் எதை வச்சிருக்குன்னு அதையே கேட்டீங்களா?"

"ஏண்டி உயிரை வாங்குற?"

அவள் நேரே போய் வார்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். புரோகிராம் ஏற்றி வைத்திருக்கும் லைப்ரரிகளை எல்லாம் காட்டச் சொன்னாள். மணியடிக்கும் லைப்ரரியின் பேருக்குப் பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்று வந்தது. டிஸ்கில் அழித்த பழசைத்தான் புரோகிராம் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

"நிறுத்தித் திரும்ப ஓட்டணும். ஸ்கிரீன் எல்லாம் கொஞ்ச நேரம் அணைஞ்சிடும்," என்றாள்.

நர்ஸுகள் ஆளுக்கொரு கட்டிலருகே போய் நோயாளிகளின் நாடியைப் பிடித்தபடி நின்றார்கள். திரைகள் கறுத்தன.

திரைகள் மீண்டும் ஒளிர்ந்ததுமே ஜன்னலோரக் கட்டிலில் மணி அடித்தது.

ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டே அங்கிருந்த நர்ஸ் கேட்டாள்: "இவருக்கு எப்போலேருந்து குறைஞ்சிருக்கு?"

கணவர் அந்தக் கட்டிலின் பதிவைத் திருப்பிப் பார்த்தார்: காலையிலிருந்தே ஒரே எண் உறைந்து நின்றிருந்தது.