முதலாளியின் பெட்டியில் இருந்த லைசென்ஸ்

அப்பாவின் காக்கிச் சட்டைப் பையில் பீடிக்கட்டு, ஜெபமாலை, எனக்கான கமர்கட்டு எல்லாம் இருக்கும். டிரைவர் லைசென்ஸ் மட்டும் இருக்காது. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் அவர் ஓட்டிய பஸ்ஸின் முதலாளி, டிரைவர்களின் லைசென்ஸையெல்லாம் தன் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். கையில் கொடுத்தால் வேறு முதலாளியிடம் ஓடிவிடுவார்களாம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, டிரைவருக்கு லைசென்ஸ். வருடா வருடம் அதைப் புதுப்பிப்பதும் முதலாளி பொறுப்புதான். அதைத் தப்பென்று அன்று யாரும் சொன்னதில்லை.

உலகச் சண்டை முடிந்து, பஸ்ஸுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமாகியிருந்த புதிது. விக்கிரமங்கலத்துக்காரர் ஒருவர், மிரண்டு ஓடிய தன் காளையைப் பிடிக்க அப்பாவின் பஸ்ஸுக்குக் குறுக்கே பாய்ந்தார். அப்பா பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை; காளைக்காரருடைய ஒரு கால் போயிற்று. அவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். விபத்து நடந்த அன்று அப்பாவின் லைசென்ஸ் காலாவதியாகி இருந்தது, ஆகவே கம்பெனி பணம் தராது என்றார் இன்ஷூரன்ஸ் வக்கீல். புதுப்பிக்க மறந்திருந்த முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார்.

“லைசென்ஸு உன் கையிலதான் இருந்துச்சுன்னு கோர்ட்டுல சொல்லிடுப்பா. மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

அப்படிச் சொன்னால் பழி முழுக்க அப்பா தலையில் விழும். மறுத்தால் வேலை போகும். முதலாளி போனதும் அம்மா அழுதாள். “ஜெயிலுக்கு அவரா சோறு கொண்டாருவாரு?”

அந்த நாள்களில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே, போலீஸ்தான் என்று அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அம்மா என்னைக் கேட்காமலே என் தலைமுடியை ஏலாக்குறிச்சி மாதாவுக்கு நேர்ந்துவிட்டாள். அப்பா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவார்.

கோர்ட்டில் அப்பா உண்மையைத்தான் சொன்னார். “எசமான், அது முதலாளி பொட்டியில இருந்துச்சுங்க.” நீதிபதி பாலிசியை வாங்கிப் படித்தார். ஓட்டுகிறவர் முன்பு லைசென்ஸ் பெற்றவராக இருந்து, அவருக்கு ஓட்டத் தடை எதுவும் இல்லாவிட்டால் போதும் என்று அதிலேயே இருந்ததாம். கம்பெனிதான் பணம் தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தன் கைக்காசு தப்பிய சந்தோஷத்தில் முதலாளி லைசென்ஸைப் புதுப்பித்து அப்பா கையிலேயே கொடுத்தார். அம்மா பாயசம் வைத்தாள். எனக்கு மொட்டை அடித்தார்கள்.

மறுவாரம் வேலைக்குப் போன அப்பா, போன சுருக்கில் திரும்பி வந்தார்.

“என்னங்க, என்னாச்சு?”

“ஏறி உக்காந்தேன். மிதிச்சா நிக்காதுன்னே தோணுதுடி. நான் ஓட்டல.”

அதன் பிறகு அவர் பஸ் ஓட்டவேயில்லை. வயதான காலத்தில் என்னோடு டவுன் பஸ்ஸில் வருவார். சாலையில் யாராவது குறுக்கே வந்தால் அவருடைய வலது கால் தரையை ஓங்கி அழுத்தும். பஸ் நின்ற பிறகும் அந்தக் காலை எடுக்க மாட்டார்.